ஒரு வரிக் கட்டுரையும் ஒரு பொட்டலச் சோறும்

போன வாரம் பத்மாவதி அம்மா போன் செய்தார். "சார், புதுசா மூணு பேரு நம்ம பசங்களுக்குப் பாடம் எடுக்க வந்திருக்காங்க. உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு எழுதுங்க. அதுல உங்களுக்கு மேல ஆள் கிடையாது" என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே, புதிய ஆசிரியர்களே, கேளுங்கள். நான் விழுப்புரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சால்வையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். கடிகாரம் ஒரே மழைக்காலத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. திண்டிவனத்தில் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறார்கள், வாரத்தில் சில நாள் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார்கள், எழுத்தும் இலக்கணமும் எடுக்க ஆள் தேவை என்று சொன்னார்கள். போய்ச் சேர்ந்தேன். இவர்கள் இதை 'கோ-ஆப்' என்பார்கள், பத்மாவதி அம்மாதான் பொறுப்பு. நாங்கள் கூடும் கல்யாண மண்டபத்தின் வாட்ச்மேன் நாங்கள் பால் சொசைட்டிக்காரர்கள் என்றே கடைசிவரை நம்பினார். பால் வண்டி ஏன் வரவில்லை என்று என்னிடம் இரண்டொரு முறை கேட்டும் இருக்கிறார்.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் வகுப்பறை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நம் கால அட்டவணையைப் போடுவது பஞ்சாங்கம். முகூர்த்த நாளென்றால் வகுப்பு கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் மூச்சுவிட நேரமிருக்காது. ஊரில் யாருக்கும் கல்யாணம் ஆகாத நாட்களில் மட்டும் இங்கே தமிழ் வளரும். முந்தைய நாள் சாம்பார் வாசனையில் எழுவாய் பயனிலை நடத்திப் பழகிக்கொள்ளுங்கள். கரும்பலகை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். சமையல்காரர்கள் பதார்த்தப் பட்டியல் எழுதும் பலகை இருக்கிறது.

முதல் நாள் அந்தப் பலகையில் "மாப்பிள்ளை பாயசம் குடித்தார்" என்று எழுதி, "யார் குடிச்சது?" என்று கேட்டேன். பிள்ளைகள் யோசிப்பதற்குள் கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார் கையைத் தூக்கி, "சார், நான் சொல்லட்டுமா?" என்றார்.

இதுதான் நம் கோ-ஆப்பின் விசேஷம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெற்றோர் முறைவைத்து வந்து உட்கார வேண்டும் என்பது விதி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் படிக்க வந்திருந்தார்கள். வேற்றுமை உருபுகளை வகுப்பில் முதலில் மனப்பாடம் செய்தது ஒரு பல் டாக்டர்.

வாரா வாரம் ஒரு கட்டுரை. வீட்டில் எழுதிப் போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நான் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். ஆடியில் சேர்ந்தேன். தை மாதத்துக்குள் என் மாணவர்கள் அடைந்த வளர்ச்சியைப் பார்த்து எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் 'கண்கொள்ளாக் காட்சி' என்று எழுதினார்கள். 'என்றால் அது மிகையாகாது' என்று முடித்தார்கள். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது தெரிந்தவர் யாரைக் கண்டாலும் போனை நீட்டி, "பாருங்க, நம்ம பசங்க எழுதினது" என்று காட்டுவேன். ஒருவர் தன் பஸ்ஸை விட்டுவிட்டுப் படித்தார். உண்மையில் அவர் பஸ் ஏற்கெனவே போயிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அமலா என்று ஒரு பெண். எட்டு வயது. அப்பா சூசைக்குப் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் கடை. அம்மா ரெஜினா தையல் தைப்பார். முன்பு படித்த பள்ளியில் அமலா இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. ஆசிரியர் கேட்டால் மேஜையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அதனால்தான் ரெஜினா கணவரோடு சண்டை போட்டு அவளை இங்கே கொண்டுவந்தார். இங்கேயும் வகுப்பில் பேசமாட்டாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தூணுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு குசுகுசுவென்று ஏதோ சொல்வாள். அந்தக் கும்பலிலிருந்து அவ்வப்போது சிரிப்பு வெடிக்கும். நான் போய் நின்றால் எல்லாம் அடங்கிவிடும். அவளுக்குப் பேச வரும். எனக்கு முன்னால் வராது. அந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்த்திருக்க வேண்டியவன், தூணருகே போய் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்குனியில் 'கவனித்து எழுதுதல்' என்று ஒரு பாடம். நான்கு சுவருக்குள் எதைக் கவனிப்பது? பிள்ளைகளைப் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அம்மாக்கள் ஒருவரும் வரவில்லை. "ஒரு நாளாவது நாங்க நிம்மதியா இருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டார்கள். சூசை தன் மச்சானின் வேனை ஓட்டிவந்தார். மதியம் கிளம்பி, வெயில் சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்மாவதி அம்மா வீட்டில் ஜைன முறை, பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அவர் மகன் ஜினேந்திரனுக்காக எல்லோருமே ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் என் பொட்டலத்தை முடித்தேன். கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் சாய்ந்தேன். பிள்ளைகள் என்ன கவனிக்கிறார்கள் என்று கூர்ந்து கவனிப்பதற்காகக் கண்ணை மூடினேன்.

திறந்தபோது எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக நான் அவர்களைப் பார்த்ததே இல்லை. சூசை கழுத்துவரை நனைந்து, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சூசை, குளிச்சீங்களா?"

"இல்ல சார். சும்மா கால் நனைச்சேன்."

கால் நனைத்தவருக்குக் கழுத்துப்பட்டை ஏன் சொட்டுகிறது என்று கவனித்து எழுதுதல் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. வேனில் ஏறினோம்.

அந்த வாரக் கட்டுரைகள் வந்தன. தலைப்பு: 'நாங்கள் கண்ட கடற்கரை.' என்ன நடை, என்ன சொல்வளம்! எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டேன். ஒன்றைத் தவிர. அமலாவின் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'நாய் சோத்தத் தூக்கிக்கினு ஓடிச்சு.'

எந்த நாய்? என்ன சோறு? பாடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பச்சை மையில் எழுதினேன்: 'ஒரு வரி போதாது. வருணனை வேண்டும்.' போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். பதினைந்து 'மிக நன்று'களுக்கு நடுவில் அது தனியாக நின்றது.

அடுத்த வகுப்பில், சிறந்த கட்டுரை என்று ஜினேந்திரன் எழுதியதை நானே ராகம் போட்டுப் படித்தேன். 'கடலின் மடியிலிருந்து செங்கதிரோன் மெல்ல எழுந்தான்' என்ற இடத்தில் நிறுத்தி, "எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

ஜினேந்திரன் முகமெல்லாம் பெருமையோடு எழுந்தான். "எங்கம்மா சூப்பரா எழுதியிருக்காங்க இல்ல சார்?"

நான் தாளைக் கீழே இறக்கினேன்.

"அம்மாவா எழுதினாங்க?"

"ஆமா சார். நான் எழுதினா எப்பவும் நீங்க 'முயற்சி செய்' தான் போடுவீங்க. அம்மாவுக்குத்தான் 'மிக நன்று' போடறீங்க."

பின்னாலிருந்து ஒரு வாண்டு, "சார், நாம போனது சாயங்காலம் இல்ல? சூரியன் நமக்குப் பின்னாடி முந்திரித் தோப்புப் பக்கம் இல்ல இருந்துச்சு?" என்றது.

புரட்டிப் பார்த்தேன். கூட வராத அம்மாக்கள் எழுதிய அத்தனை கட்டுரையிலும் சூரியன் உதித்துக்கொண்டிருந்தான். கடற்கரை என்றால் உதயம், அது கட்டுரை மரபு. ஆடி தொட்டு நான் வளர்த்தது அம்மாக்களை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து அம்மாக்களும் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

"சரி, உங்கம்மா கேட்டப்ப நடந்ததைச் சொல்லியிருக்கலாமே? அங்க நாய் வந்துச்சா?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வாண்டு மட்டும், "ஐஸ் சாப்ட்டோம் சார்" என்றது. பக்கத்திலிருந்தவள் நறுக்கென்று அதன் தொடையில் கிள்ளினாள். அமலா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ரெஜினா வந்தார். மண்டப வாசலில், செருப்புக்கூட கழற்றாமல் பேசினார்.

"அவ ஒரு வரி எழுதினதுக்கு நீங்க ரெண்டு வரி எழுதினீங்க சார். அந்த ரெண்டு வரிய இவரு போன்ல வெச்சிக்கினு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்காரு. 'வாத்தியாரே சொல்லிட்டாரு, இதுக்கு மேல என்னா'ன்றாரு. அவங்க அக்கா வார்டனா இருக்கற ஹாஸ்டல்ல சீட்டு சொல்லி வெச்சிட்டாரு. ஜூன்ல கொண்டுபோய் விட்டுடுவாரு. இப்பத்தான் சார் அவ வீட்ல வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசறா. அங்க போனா மறுபடி மூடிக்குவா. அப்புறம் தொறக்கவே மாட்டா."

நேரே சூசையின் கடைக்குப் போனேன். அவர் வாடகைக்குப் போய் வந்த நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

"சூசை, நான் எழுதினது தப்பு."

"எது சார்?"

"ஒரு வரி போதாதுன்னு எழுதினேனே, அது."

சூசை சிரித்தார். "வாத்தியார் தப்பா எழுதுவாரா சார்? ரெஜினா வந்து அழுதுச்சா? நீங்க நல்ல மனுஷன், அதான் மாத்திப் பேசறீங்க."

"இல்லீங்க, நெஜமாவே அவசரப்பட்டு எழுதிட்டேன்."

"டீ சொல்லட்டுமா சார்?"

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் நம்மை மதிக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம். நான் வேட்டி மடிப்புக் கலையாமல், எழுதிய குறிப்பை மாற்றாமல், பார்த்துப் பார்த்துச் சேர்த்த மரியாதை அது. இப்போது அதைத் தாண்டி ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. நான் முட்டாள்தனம் செய்தேன் என்று நானே சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார் மனிதர். என் மனைவி ஒருத்திதான் இதை உடனே நம்புவாள், ஆனால் அவளை அங்கே கூட்டிப்போயிருக்கவில்லை.

கடைசியில் சூசை இறங்கிவந்தார். "சரி சார், உங்களுக்காக. வாசிப்பு நாள் அன்னிக்கு எங்க அக்கா வருது. அது முன்னாடி இவ எழுந்து நின்னு ஒரு பக்கம் படிக்கட்டும். படிச்சா ஹாஸ்டல் வேணாம். படிக்கலன்னா நீங்க எதுவும் பேசக்கூடாது."

வாசிப்பு நாள் என்பது நம் ஆண்டு விழா. உறவுக்காரர்கள் முன்னால் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைப் படிப்பார்கள். 'பள்ளிக்கூடம் அனுப்பாம பிள்ளைங்கள வீணாக்கறீங்க' என்று சொல்லும் பெரியப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் நாங்கள் காட்டும் ஒரே அத்தாட்சி.

பயந்துபோன மனிதன் செய்வதை நானும் செய்தேன். அமலாவுக்கு ஒரு பக்கக் கட்டுரையை நானே எழுதினேன். கடற்கரைதான் தலைப்பு. அம்மாக்கள் என்னை மிஞ்சிவிட்டார்கள் என்ற கடுப்பும் உள்ளே இருந்திருக்க வேண்டும். அவர்கள் செங்கதிரோன் என்றால் நான் பொற்கதிரோன் என்றேன். தென்றல், அலைக்கரம், கடலன்னை, ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்து இரண்டு முறை படித்துக் கண்கலங்கினேன்.

அமலாவிடம் நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தாள். நான் சேர்ந்ததிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

"இது நீங்க எழுதினது சார். நீங்களே படிங்க."

வாசிப்பு நாளுக்கு அஷ்டமியாகப் பார்த்துத் தேதி குறித்தோம். அன்றைக்குத்தான் மண்டபத்தில் கல்யாணம் இருக்காது. சுபகாரியத்துக்கு அஷ்டமியைத் தேடிப் பிடித்தவர்கள் இந்த வட்டாரத்தில் நாங்களாகத்தான் இருப்போம். சூசைதான் அதில் அதிக சந்தோஷப்பட்டார். "எங்களுக்கு அஷ்டமி நவமி கெடையாது சார். ஆனா அன்னிக்கு சேரெல்லாம் சும்மாதான் கெடக்கும்" என்று உறை போட்ட நாற்காலிகளும் மைக் செட்டும் கொண்டுவந்து இறக்கினார். மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார். முன்வரிசையில் அவருடைய அக்கா. வார்டன் அக்கா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தோரணையில், எதிரே இருந்த நாங்களெல்லாம் தாமதமாக வந்த பிள்ளைகள்போல நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நிகழ்ச்சி தொடங்கியது. பிள்ளைகள், அம்மாக்கள் லேமினேட் செய்து கொடுத்த அதே கட்டுரைகளோடு ஒவ்வொருவராக வந்தார்கள். சூரியன் உதித்தான். கைதட்டினோம். அடுத்த பிள்ளை வந்தது. மறுபடியும் சூரியன் உதித்தான். மைக்கில் கல்யாண வீட்டு எக்கோ வைத்திருந்ததால் ஒவ்வொரு சூரியனும் மூன்று நான்கு தடவை உதித்தான். ஐந்தாவது கட்டுரைக்குள் கூடத்தில் வெப்பம் தாங்கவில்லை.

"அடுத்து, அமலா" என்றார் பத்மாவதி அம்மா.

அமலா மேடையேறினாள். கையில் தாள் இல்லை. மைக் முன்னால் நின்று தரையைப் பார்த்தாள். கூடம் காத்திருந்தது. மின்விசிறிச் சத்தத்தை மைக் பிடித்துப் பெரிதாக்கியது. ரெஜினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வார்டன் அக்கா சூசையைப் பார்த்தார். சூசை என்னைப் பார்த்தார். 'பேசக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல' என்றது அந்தப் பார்வை.

இந்த மாதிரி நேரத்தில் ஆசிரியர் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. எடுத்துக்கொடுக்கலாம். "பரவாயில்லம்மா, போய் உக்காரு" என்று பெரிய மனதோடு அனுப்பிவைக்கலாம். இரண்டிலும் என் மரியாதை காப்பாற்றப்படும், அவள் ஹாஸ்டலுக்குப் போவாள். நான் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். அவளே சொன்னதுதானே, நீங்களே படிங்க என்று.

"அமலா படிக்கறதுக்கு முன்னாடி என் கட்டுரையப் படிக்கறேன். நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன். தப்பு இருந்தா பிள்ளைங்க யாரு வேணா திருத்தலாம்" என்றேன். மைக்கை அவளுக்கும் எனக்கும் நடுவில் இழுத்து வைத்தேன்.

"வைகறைப் பொழுதில் பொற்கதிரோன் தன் கரங்களை நீட்டிக் கடலன்னையைத் தழுவினான்..."

"வினான்... வினான்..." என்றது எக்கோ.

"சார், சாயங்காலம் சார்!" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

"இருக்கட்டும். குளிர்ந்த தென்றல் எங்கள் மேனியை வருடியது..."

"வேர்த்துக் கொட்டிச்சு சார்!"

"உங்க சட்டையெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு சார்!"

சிரிப்பு கிளம்பியது. பெரியப்பா ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். "அலைகள் எங்களை வா வா என்று அழைத்தன..." "தண்ணிக்குப் போனா தோல உரிச்சிடுவேன்னு நீங்க சொன்னீங்க சார்!" நான் குரலை இன்னும் உயர்த்தினேன். என் கணக்குப்படி இந்நேரம் அமலா ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் முடியப்போகிறது.

"பின்னர் அனைவரும் வட்டமாக அமர்ந்து, வயிறார உண்டு மகிழ்ந்தோம்..."

இதற்குக் கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுவரை கத்திய பிள்ளைகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில், மைக்கில், மெல்லிய ஒரு குரல்.

"எங்கப்பா சாப்பிடல."

எக்கோ அதை மூன்று முறை சொன்னது. அமலா தன் குரலையே கேட்டுப் பயந்து நிமிர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா சாப்பிடல சார். வேனை ஓரங்கட்டிட்டு வந்து பொட்டலத்தப் பிரிச்சாரு. நாய் தூக்கிக்கினு ஓடிச்சு. எங்கப்பா 'அடிங்'னு சொல்லி எழுந்து ஓடினாரு. நாயி நேரா தண்ணிக்குள்ள போச்சு. அப்பாவும் போனாரு. அலை வந்து அப்பாவத் தள்ளிடுச்சு. எழுந்தாரு, மறுபடி தள்ளிடுச்சு. நாய் வெளிய வந்து மணல்ல உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சுச் சாப்டுச்சு. அப்பா தண்ணிக்குள்ள இருந்து பாத்துக்கினே இருந்தாரு."

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு கூடமே சிரித்தது. பல் டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. குச்சி ஐஸ், வெறுங்கால், கிள்ளு, மௌனம். சூசை பிள்ளைகளின் வாயை ஐஸ் வைத்து அடைத்திருக்கிறார். மகளை மிரட்டி அடைத்திருக்கிறார். அந்த ஒரு வரி, எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிச்சமிருந்தது. ஒரு வரிதான் எழுதுகிறாள் என்று வருத்தப்பட்டவரே மற்ற வரிகளை எழுத விடாதவர். ஏன் விடவில்லை என்பது அடுத்து வந்தது.

"அப்பாவோட புதுச் செருப்பும் தண்ணியில போயிடுச்சு. அத்தை வாங்கிக் குடுத்தது. சூசையப்பர் திருநாளுக்கு."

வார்டன் அக்காவின் கைப்பை மடியிலிருந்து நழுவியது.

"ஏன்டா சூசை, கோயில் வாசல்ல எவனோ திருடிக்கினு போயிட்டான்னு சொன்ன?"

சூசை எழுந்தார். அவர் கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனது. சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு குமிழைத் திருகினால் போதும், அமலாவின் குரல் போய்விடும். அதன்பின் அது திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்? பாய்ந்து போய் அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, கால் நகரவில்லை. சில வேளைகளில் ஆசிரியருக்கு வரும் கால் மரப்பு பிள்ளைகளுக்கு நல்லதாக முடியும்.

சூசை குமிழைத் திருகினார். மைக்கிலிருந்து 'ங்ஙொய்' என்ற இரைச்சல் அடங்கியது.

"எக்கோவக் கொறச்சிட்டேன். இப்பச் சொல்லு, தெளிவா கேக்கும்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்றதுன்னா சரியா சொல்லு. ரெண்டு தடவ இல்ல, மூணு தடவ விழுந்தேன். மூணாவது தடவதான் செருப்பு போச்சு."

அமலா யோசித்தாள். "மூணாவது தடவ நீ விழல. நீயா உக்காந்த."

மண்டபத்தில் அதற்குமுன் எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு சிரிப்பு கேட்டிருக்காது. சூசையும் சிரித்தார், வேறு வழியில்லாமல் ஆரம்பித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு. வார்டன் அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே தம்பியைப் பார்த்து, "தோ பாருடா, எங்க ஹாஸ்டலுக்கு இவ வேணாம். எங்க சமையல்கட்டுல நடக்கறதெல்லாம் ஊருக்குப் போயிடும். நீயே வெச்சிக்க" என்றார்.

ரெஜினா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானை மறைத்திருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வீரனாக வீடு திரும்பியிருப்பேன். பத்மாவதி அம்மா விடவில்லை. எழுந்து நின்று மெதுவாகக் கேட்டார். "அமலா, அப்பா தண்ணிக்குள்ள இருந்தாரு. அப்ப உங்கள யாரும்மா பாத்துக்கினு இருந்தாங்க? சார் எங்க இருந்தாரு?"

மைக் தெளிவாக வேலை செய்தது. எக்கோ துளியும் இல்லை.

"சார் தூங்கிக்கினு இருந்தாரு."

அதற்கப்புறம் பத்மாவதி அம்மா தனியே என்னிடம் பேசியதை இங்கே எழுதவில்லை. வருணனைக்கு அப்பாற்பட்டது. கடற்கரைக்கு நாலு பெரியவர்கள் கூட வர வேண்டும், அதில் இருவராவது விழித்திருக்க வேண்டும் என்ற விதியை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது என் பெயரால் வந்த விதி. என் பெயரில் இந்த ஊரில் இருக்கும் ஒரே நினைவுச்சின்னமும் அதுதான்.

ஆக, நண்பர்களே, அழகான கட்டுரை வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அது யார் வீட்டு அம்மா எழுதியது என்று விசாரியுங்கள். அரைகுறையாக ஒரு வரி வந்தால் பேனாவை மூடிவிட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் நாய், அலை, செருப்பு எல்லாம் பங்குனியிலேயே வந்திருக்கும், என் தூக்கம் மட்டும் வந்திருக்காது. குறிப்பு எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பிள்ளை உங்களை மன்னித்துவிடும். அப்பாக்கள் போனில் சேமித்துவைப்பார்கள்.

வாசிப்பு நாளுக்கு அடுத்த வகுப்பில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தேன். நான் கொடுக்கும் தலைப்பில் நானும் எழுதுவேன், பிள்ளைகள் எனக்குக் குறிப்பு எழுதுவார்கள். நீங்களும் அதை விடாதீர்கள், உடம்புக்கு நல்லது. முதல் தலைப்பு மறுபடியும் கடற்கரைதான். இந்த முறை கதிரோனைத் தொடவில்லை. 'நான் படகு நிழலில் தூங்கிவிட்டேன்' என்று நேர்மையாக எழுதி அமலாவிடம் கொடுத்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

தாள் திரும்பி வந்தது. கீழே பச்சை மையில், வரி கோணாமல்:

'ஒரு வரி போதாது. குறட்டை வேண்டும்.'